எமன்கிட்ட வேலைக்குச் சேர்ந்த பையன்

பப்பாளியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற பதனத்தோடு கொண்டுவந்தார் அந்த விவசாயி. வரவேற்பறை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டை விலக்கினார்.

"புள்ளையாரும்மா. தும்பிக்கையப் பாருங்க."

பார்த்தேன். தும்பிக்கை இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எங்கள் போட்டோகிராபர் பப்பாளியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்ததும் பிள்ளையார் தெளிவாக வந்துவிட்டார். மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்தில் படம். நான் திருச்சிப் பதிப்பில் துணை ஆசிரியராக இருந்த காலம் அது. 2002 என்று நினைவு. இரட்டைக் கத்திரிக்காய், ஒரே காம்பில் ஐந்து மாங்காய், சிவலிங்க உருளைக்கிழங்கு என்று மாதம் ஒன்றாவது வரும். எந்த இதழியல் வகுப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

அந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து நான் படித்துக்கொண்டிருந்தது டெர்ரி பிராட்செட்டின் 'தி ட்ரூத்'. 2000இல் வந்த நாவல். ஆங்க்-மார்போர்க் என்ற நாற்றம் பிடித்த கற்பனை நகரத்துக்குக் குள்ளர்கள் அச்சு இயந்திரம் கொண்டுவருகிறார்கள். ஓர் இளைஞன் அந்த ஊரின் முதல் செய்தித்தாளைத் தொடங்குகிறான். அவனுடைய போட்டோகிராபர் ஒரு ரத்தக்காட்டேரி. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டதும் தானே சாம்பலாக உதிர்ந்துவிடுவான். பிறகு ஒரு சொட்டு ரத்தத்தில் எழுந்து அடுத்த படம் எடுக்கப் போவான். இதெல்லாம் சரி, கற்பனை. ஆனால் பத்திரிகை வந்த சில நாளிலேயே அலுவலகத்துக்கு ஆட்கள் வர ஆரம்பிக்கிறார்கள், கையில் வேடிக்கையான உருவத்தில் விளைந்த காய்கறிகளோடு. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷன் கட்டாயம் தாலுகா நிருபராக வேலை பார்த்தவன்.

பார்த்தவர்தான். 1948 ஏப்ரல் 28ஆம் தேதி பக்கிங்காம்ஷயரின் பீக்கன்ஸ்ஃபீல்டில் பிறந்தார். அப்பா மோட்டார் மெக்கானிக். ஒரே பிள்ளை. ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆறு வயதிலேயே இந்தப் பையன் தேறமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டாராம். அந்தக் கோபம் பிராட்செட்டிடம் கடைசிவரை ஆறவேயில்லை. உலகப் புகழ் பெற்ற பிறகும் அதைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். தான் படித்தது பள்ளியில் அல்ல, பீக்கன்ஸ்ஃபீல்ட் பொது நூலகத்தில் என்பார். பதின்மூன்று வயதில் பள்ளி இதழுக்கு எழுதிய கதை பதினைந்தாவது வயதில் ஒரு வணிகப் பத்திரிகையில் வந்தது. கிடைத்த பணத்தில் வாங்கியது பழைய டைப்ரைட்டர் ஒன்று.

1965இல், பதினேழு வயதில், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 'பக்ஸ் ஃப்ரீ பிரஸ்' என்ற உள்ளூர் வாரப் பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாவது மணி நேரத்தில் வாழ்க்கையின் முதல் பிணத்தைப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். நீதிமன்றம், நகரமன்றக் கூட்டம், மலர்க் கண்காட்சி, மரண விசாரணை. நடுவில் குழந்தைகள் பகுதிக்கு 'அங்கிள் ஜிம்' என்ற பெயரில் வாராவாரம் தொடர்கதை. எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். ராசிபலனும் அவர்தான், சிறுவர் மலரும் அவர்தான், ஆள் வராத நாளில் கிரைம் செய்தியும் அவர்தான்.

என் கைக்கு முதலில் வந்த பிராட்செட் 'தி ட்ரூத்' அல்ல. 1996இல் தெப்பக்குளம் பக்கம் நடைபாதையில் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய 'மோர்ட்'. அட்டைப்படத்துக்காகத்தான் எடுத்தேன். ஜோஷ் கர்பி வரைந்த அந்த அட்டைகளில் இம்மி இடம் சும்மா இருக்காது. கோபுரத்துச் சுதைச் சிற்பம் மாதிரி ஒருவர் தோளில் இன்னொருவர் கால். கையில் அரிவாளோடு ஓர் எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரை, மிரண்டுபோன ஒரு பையன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி அது, ஒரே எலும்பா இருக்கு?"

"எமன்கிட்ட ஒரு பையன் வேலைக்குச் சேர்றான்மா. அந்தக் கதை."

அம்மா முறத்தை நிறுத்தவில்லை. "சம்பளம் எவ்ளோ?"

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. நான் படிப்பேன், அம்மா காய் நறுக்கும்போதோ பூ கட்டும்போதோ கதையைச் சொல்வேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பிராட்செட் என்ற பெயரும் வாயில் நுழையவில்லை. "உங்க ஆமைக்காரர்" என்பார். காரணம் டிஸ்க்வேர்ல்ட். அது தட்டையான உலகம். நான்கு யானைகளின் முதுகில் இருக்கிறது. யானைகள் ஒரு பிரம்மாண்டமான ஆமையின் மேல் நிற்கின்றன. ஆமை விண்வெளியில் நீந்திப் போய்க்கொண்டிருக்கிறது. இதை ஒரு வெள்ளைக்காரர் யோசித்திருக்கிறார் என்று நான் வியந்து சொன்னபோது அம்மா அசரவில்லை. நம்மிடம் எட்டு யானை, கீழே கூர்மம், அதற்கும் கீழே பாம்பு. "நாலு யானை பத்தாதே, ஆடுமே" என்றார். உலகத்தை ஆமை தாங்கும் பழங்கதைகள் பல நாட்டிலும் உண்டு, பிராட்செட் தெரிந்தேதான் எடுத்தார். மற்றவர்கள் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார் என்பதுதான் விஷயம். ஆமை ஆணா பெண்ணா? எங்கே போகிறது? அங்கே போனதும் என்ன ஆகும்? நகரமன்றக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் குறித்துப் பழகியவனின் கேள்விகள்.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது காலன்தான். 'எமன்' என்று நான் முதலில் சொன்னது கொஞ்சம் தப்பு. எருமை, பாசக்கயிறு எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. பிராட்செட்டின் காலனுக்கு யார்மீதும் பகை கிடையாது. வேலை, செய்கிறார். மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று அவருக்குத் தீராத ஆர்வம். பூனை பிடிக்கும், மசாலா போட்ட குழம்பு பிடிக்கும். குதிரையின் பெயர் பிங்கி. நாற்பத்தொரு டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஓரிடத்திலாவது வந்துபோவார். எதிர்வீட்டுத் தாத்தா தவறிப்போன அன்று இழவு வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா கேட்டார்: "உங்க ஆளு இன்னிக்கு இந்தப் பக்கம் வந்திருப்பாரோ? பூனை ஒண்ணு குறுக்க ஓடுச்சு."

இந்த வரிசையின் முதல் இரண்டு நாவல்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். 1983இல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்' அந்தக் காலத்து வாள்-மந்திரக் கதைகளைக் கேலி செய்யும் துணுக்குத் தோரணம், அவ்வளவுதான். அந்த முதல் பதிப்பு 506 பிரதிகள். கொலின் ஸ்மைத் என்ற சின்னப் பதிப்பாளர் போட்டது. அவரோடு வந்த உறவும் நிருபர் வேலையால்தான்: 1968இல் அந்தப் பதிப்பகத்து ஆள் ஒருவரைப் பேட்டி எடுக்கப் போன இடத்தில், நானும் ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவைத்தார். கம்பளத்தின் இழைகளுக்கு இடையே வாழும் மிகச் சிறிய மனிதர்களைப் பற்றிய அந்த 'தி கார்ப்பெட் பீப்பிள்' 1971இல் வந்தது. பேட்டி எடுக்கப் போய் நம் கதையைச் சொல்லிவிட்டு வரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதை மீறியதால் ஒரு நாவலாசிரியர் கிடைத்தார்.

1970களின் கடைசியில் பத்திரிகையை விட்டு மத்திய மின் உற்பத்தி வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரி ஆனார். அவருடைய வட்டாரத்தில் அணுமின் நிலையங்கள் இருந்தன. அமெரிக்காவில் திரீ மைல் தீவு அணு உலை விபத்து நடந்து ஊரே பயந்துகிடந்த சமயம். ஒவ்வொரு சின்னக் கசிவுக்கும் நிருபர்கள் போன் செய்வார்கள். ஒன்றுமில்லை என்று இவர் சொல்ல வேண்டும். யாராவது நம்புவார்கள் என்றால் அந்த அனுபவத்தையும் நாவலாக எழுதியிருப்பேன் என்பது அவருடைய வாடிக்கையான ஜோக். பகலெல்லாம் அந்த வேலை, ராத்திரி வீட்டில் நானூறு வார்த்தை. 1987இல் 'மோர்ட்' எழுதி முடித்தபிறகு வேலையை விட்டார். அப்புறம் சில ஆண்டுகள் வருஷத்துக்கு இரண்டு புத்தகம்கூட வந்தது. 1990களில் பிரிட்டனில் அதிகம் விற்ற எழுத்தாளர் அவர்தான். விமர்சகர்கள் முகம் சுளித்தபோது அவரும் பதிலுக்கு முகம் சுளித்தார்.

'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் காவல் கேப்டன் வைம்ஸ் தன் பூட்ஸைப் பற்றி யோசிக்கும் ஓர் இடம் வரும். ஐம்பது டாலர் பூட்ஸ் பத்து வருஷம் உழைக்கும். அது பணக்காரன் காலில். ஏழைக்கு முடிந்தது பத்து டாலர் பூட்ஸ். ஓரிரு மழைக்காலத்தில் அட்டை ஊறி ஓட்டையாகும். பத்து வருஷத்தில் ஏழைதான் அதிகம் செலவழித்திருப்பான், காலும் ஈரமாகவே இருக்கும். கந்துவட்டி பற்றி நாங்கள் வெளியிட்ட எத்தனையோ சிறப்புக் கட்டுரைகளுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். ஒன்றிலும் இவ்வளவு விஷயம் இல்லை. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "ரேஷன் கடை பை மாதிரி" என்றார். அது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை; ஆனால் சரியாகத்தான் இருக்கும்.

2007 டிசம்பரில் ஒரு ராத்திரி ஏஜென்சி செய்தி வந்தது. பிராட்செட்டுக்கு அல்சைமர். வயது ஐம்பத்தொன்பது. எனக்குக் கை நடுங்கியது. செய்தி ஆசிரியரிடம் போனேன்.

"யாரும்மா இவரு?"

"பெரிய ரைட்டர் சார். கோடிக்கணக்குல வித்திருக்கு."

"ஹாரி பாட்டர் எழுதுனவரா?"

"இல்ல சார்."

"அப்ப உலகச் செய்தியில எட்டு வரி போட்டுக்க."

எட்டு வரிதான் போட்டேன். ஏஜென்சி செய்தியில் இரண்டு விவரம் கூடுதலாக இருந்தது: இது மிகவும் அபூர்வமான ஒரு வகை, இதற்கு முன் லேசான பக்கவாதம் என்று தவறாக நினைத்திருந்தார்கள். இடம் போதவில்லை என்று அந்த இரண்டையும் நானே வெட்டினேன். அவர் வாசகர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்த நோயை ஓர் அரைக் கெட்ட வார்த்தையால் குறிப்பிட்டிருந்தார். நம் ஊர்ப் பேச்சில் 'இழவு' என்கிறோமே, ஏறக்குறைய அந்தச் சுருதி. அதையும் போட முடியவில்லை.

அடுத்த ஆண்டு முழுக்க அவர் எழுதியதையும் பேசியதையும் பதிப்பு முடிந்தபின் அலுவலகக் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படித்தேன். போஸ்டீரியர் கார்டிகல் அட்ரோஃபி என்று பெயர். மூளையின் பின்பகுதி முதலில் சுருங்குகிறது. கண் பார்க்கிறது, பார்த்ததை மூளையால் உருவமாகக் கோக்க முடிவதில்லை. ஞாபகமும் பேச்சும் வெகுநாள் தப்பித்திருக்கும். பார்க்காமலே தட்டச்சு செய்யக்கூடியவருக்கு விரல் தடுமாறத் தொடங்கியது, எழுத்துப்பிழை கூடியது. முன்னால் இருக்கும் பொருள் கண்ணில் படாது; தேடிக்கொண்டேயிருப்பார், சட்டென்று அது அங்கேயே இருக்கும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஒரு வரி விடாமல் படித்திருந்தேன்.

அந்த மார்கழியில் அம்மாவின் கோலம் கோணியது.

உறையூரில் எங்கள் தெருவில் அம்மாவின் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் கோலத்தைத் தீர்மானிப்பார்கள். பதினைந்துக்கு எட்டு இடுக்குப்புள்ளி வைத்தால் குனிந்தவர் நிமிராமல் ஒரே இழையில் சிக்குக் கோலத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்றைக்கு நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வந்து இறங்கும்போது வாசலில் புள்ளிகள் வலப்பக்கம் மட்டும் இருந்தன. இழை ஒரே புள்ளியை மூன்று முறை சுற்றிவிட்டு, மற்றவற்றைக் கவனிக்காமல் சாக்கடைப் பக்கம் போயிருந்தது. "லைட்டு சரியில்லடி" என்றார் அம்மா. தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணாடி மாற்றினோம். மறுபடி மாற்றினோம். ஒரு கண் மருத்துவமனையில் புரை என்றார்கள், ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகும் டம்ளரை மேசைக்கு வெளியே, வெறும் காற்றில் வைப்பார். கறுப்பு மிதியடியைப் பள்ளம் என்று தாண்டுவார். பேப்பரில் ஒரு வரியின் தலையைப் படித்து அடுத்த வரியின் வாலில் முடிப்பார். "போர்டுல கடைசி வரி வரைக்கும் எழுத்து எழுத்தாச் சொல்றாங்களே, பார்வை நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். எழுத்து எழுத்தாகச் சொன்னார், உண்மை. வார்த்தையாகத்தான் சொல்ல முடியவில்லை.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலை அம்மா தோசைக் கரண்டியைத் தேடினார். அடுப்பு மேடையில், அவருடைய வயிற்றுக்கு நேர் எதிரே கிடந்தது. சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கரண்டியையும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மேடையில் பரப்பித் தடவினார். விரல் பட்டதும் எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் தோசையைத் திருப்பிப் போட்டார். நான் பல் துலக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். இதை நான் படித்திருக்கிறேன்.

நரம்பியல் மருத்துவர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் அம்மா ஒரே மூலையில் அடுக்கினார், கோழிக்குஞ்சுகள் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி. ஸ்கேன் மற்றதைச் சொன்னது. மருத்துவர் நோயின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். "நீங்க மெடிக்கல் ஃபீல்டாம்மா?" என்றார். இல்லை, பேன்டசி நாவல் படிப்பேன் என்று எப்படிச் சொல்வது? டோனெபெசில் எழுதிக் கொடுத்தார். அதே மாத்திரையைத்தான் பிராட்செட்டும் சாப்பிட்டார்; அதை இலவசமாகத் தரும் அளவுக்கு அவருக்கு வயதாகவில்லை என்று பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை கையை விரிக்க, சொந்தக் காசில் வாங்கினார். நோய் தெரிந்த சில மாதத்திலேயே ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்த ஆள்.

அவர் தட்டச்சை விட்டுவிட்டு வாயால் எழுத ஆரம்பித்தார். உதவியாளர் ராப் வில்கின்ஸ் எழுதிக்கொள்வார், அல்லது குரலை எழுத்தாக்கும் மென்பொருள். 2009இல் வந்த 'அன்சீன் அகடெமிக்கல்ஸ்' அப்படி உருவான நாவல். அதே ஆண்டு சர் பட்டம். சர் ஆனவருக்கு வாள் வேண்டாமா என்று தானே இரும்புத்தாது தோண்டி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்து உலை கட்டி உருக்கி, அதில் கொஞ்சம் விண்கல்லும் சேர்த்து ஒரு வாள் அடிக்கவைத்தார். நம் ஊரில் பட்டம் வாங்கினால் ஃபிளெக்ஸ் அடிப்போம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். வாளைப் பற்றி அல்ல, வாயால் எழுதுவதைப் பற்றி. பதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து விடியற்காலை வாசலில் பேச்சுக் குரல். தம்பி மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கோலப்பொடிக் கிண்ணத்தோடு அவள் தரையில். அம்மா திண்ணையில், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"நடுப்புள்ளிய விட்டுட்டு வலப்பக்கம் வா. சுத்து. இப்ப கீழ இறங்கு. ரெண்டு புள்ளியத் தாண்டு. திரும்பு."

"அப்பாயி, கோடு முட்டுது."

"முட்டாது, வெட்டும். வெட்டிட்டுப் போ."

அம்மா கோலத்தின் பக்கம் பார்க்கவேயில்லை. பார்த்தால் குழம்பும் என்று தெரிந்திருந்தது. பதினைந்துக்கு எட்டு, ஒரே இழை, தொடங்கிய இடத்தில் வந்து மூடிக்கொண்டது. அடுத்த இரண்டு மார்கழி எங்கள் வாசலில் இப்படித்தான் கோலம் விழுந்தது. மூன்றாம் வருஷம் 'வலப்பக்கம்' என்ற சொல் அம்மாவுக்குத் தடுமாறத் தொடங்கியது.

பிராட்செட்டிடமும் அது தெரிந்தது. அவருடைய பழைய நாவல்களில் ஆட்கள் பாதி பேசி மீதியை விழுங்குவார்கள். அந்த விழுங்கலில்தான் சிரிப்பு. 2013இல் வந்த 'ரெய்சிங் ஸ்டீம்' ரயில் வந்த கதை. அதில் எல்லோரும் நீளநீளமாக, ஒரே குரலில் பேசுகிறார்கள். கண்ணால் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர் காதால் மட்டும் எழுதினால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. அந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு. நோய் முற்றும் முன் தானே தேதி குறித்துப் போகும் உரிமை வேண்டும் என்று போராடினார். 2010இல் பிபிசியின் டிம்பிள்பி சொற்பொழிவு அதைப் பற்றித்தான். தன்னால் தொடர்ந்து வாசிக்க முடியாது என்பதால் நடிகர் டோனி ராபின்சனை வாசிக்கவைத்துவிட்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். 2011இல் ஸ்விட்சர்லாந்துக்குப் போய் ஒருவர் மருந்து குடித்து இறப்பதை அருகிலிருந்து பார்த்து ஆவணப்படம் எடுத்தார். அதே 2011 மார்ச்சில்தான் அருணா ஷான்பாக் கருணைக்கொலை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்சுகள் நாற்பதாண்டு நெருங்கக் கவனித்துக்கொண்ட பெண் அவர்; அந்தச் செய்தியை எடிட் செய்துவிட்டு வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டினேன். பிராட்செட் சொல்வதில் தர்க்கம் குறைவில்லை. என்றாலும் தேதி குறிக்கத் தெளிவு வேண்டும். தெளிவு இருக்கும்வரை தேதிக்கு அவசரமில்லை. அம்மாவிடம் இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு ஒருநாளும் வரவில்லை. எனவே ஒத்துப்போகவில்லை என்று சொல்வதைவிட, பேசாமல் விட்டுவிட்டேன் என்பதே சரி.

அம்மா 2014 ஐப்பசியில் போனார், நெஞ்சுச் சளியில்.

2015 மார்ச் 12ஆம் தேதி எட்டரை மணி வாக்கில் டெஸ்கில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பிராட் சாக் கிராமத்து வீட்டில், குடும்பத்தார் சூழ, கட்டிலில் பூனை தூங்கிக்கொண்டிருக்க இறந்திருக்கிறார். அறுபத்தாறு வயது. தேதி குறித்துப் போகவில்லை, நோய்தான் கொண்டுபோனது. அவருடைய ட்விட்டர் கணக்கில் காலனே பேசுவதுபோல் வரிசையாகச் சில வரிகள் வந்தன. காலன் வந்து அழைக்கிறார். டெர்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கறுத்த பாலைவனத்தில் நடந்து போகிறார்.

இந்த முறை எட்டு வரி என்று சொல்ல யாரும் இல்லை, அந்தப் பக்கத்துக்கு நான்தான் பொறுப்பு. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பிராட்செட்டின் காலன் முழுக்கப் பெரிய எழுத்தில்தான் பேசுவார், மேற்கோள் குறி இல்லாமல். குரல் காதில் விழாது, நேரே தலைக்குள் வந்துவிடும். தமிழில் ஏது பெரிய எழுத்து? லேஅவுட் தம்பி போல்டு செய்து பார்த்தார். தேர்தல் வாக்குறுதி மாதிரி இருந்தது. சாய்வெழுத்து, பழமொழி மாதிரி. கடைசியில் எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கூட்டினார். கல்லில் வெட்டியதுபோல் வந்தது. "யாருக்கா பேசுறது இதுல?" என்றார். காலன் என்றேன். இன்னும் ஒரு புள்ளி இடைவெளி கூட்டினார்.

மறுநாள் அந்தச் செய்தி பற்றி ஒரு போனும் வரவில்லை. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒருவர் இரண்டு தலைப் பூசணியோடு வந்திருந்தார்.

பிராட்செட் ஒரு கட்டளை விட்டுப் போயிருந்தார். முடிக்காத நாவல்கள் இருக்கும் ஹார்டு டிஸ்கை நீராவி ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கிவிட வேண்டும். 2017 ஆகஸ்ட் 25ஆம் தேதி டார்செட் நீராவித் திருவிழாவில் ராப் வில்கின்ஸ் அதை நிறைவேற்றினார். ரோலரின் பெயர் லார்ட் ஜெரிக்கோ. பலமுறை ஏறி இறங்கியும் டிஸ்க் முழுசாகச் சாகவில்லை. கல் உடைக்கும் இயந்திரத்தில் போட்டுத்தான் முடித்தார்கள். நொறுங்கிய துண்டுகளைப் பிறகு சால்ஸ்பரி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

அந்தச் செய்தியையும் நான்தான் போட்டேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழைய பேப்பர் போட்டேன். பேப்பர்காரர் தராசில் கட்டுகளை அடுக்கும்போது நடுவிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு நழுவியது. அம்மாவின் கோல நோட்டு. முன்பக்கங்களில் கோலங்கள், பின்னால் வரவர இழைகள் புள்ளியை விட்டு விலகிப்போய், கடைசிப் பக்கத்தில் தம்பி மகள் வைத்துக் கொடுத்த புள்ளிகள் மட்டும், பதினைந்துக்கு எட்டு, இழை இல்லாமல்.

"இதையும் போடவாக்கா?"

"அதைக் குடுங்க."

நோட்டு போக, பதினோரு கிலோ இருந்தது.